சிவப்புக் கைப்பிடிக்கு ஒரு டப்பா

ஷரீபுன்னிசாவின் சமையலறை அலமாரியில் டப்பா இல்லாத நீல மூடி ஒன்று ஆறு வருஷமாக இருக்கிறது. டப்பா எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும். அவள் கணவர் ஹயாத் பாஷா கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் வேலை பார்க்கும் தர்மபுரி தனியார் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சர்வர் அறைக் கதவோரம், சுவரில் இருக்கும் ஒரு சிவப்புக் கைப்பிடியின் மேல் அது கவிழ்த்து ஒட்டப்பட்டிருக்கிறது.

"வூட்டு டப்பாவத் திருடித்தான் எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரியக் காப்பாத்தறாரு" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். ஹயாத் பாஷா கூடச் சேர்ந்து சிரித்ததில்லை.

அந்தக் கைப்பிடி தீ விபத்துக்காக வைத்தது. அறையில் தீப்பிடித்தால் வெளியே ஓடுகிற ஓட்டத்தில் ஒரே இழுப்பு. அந்த அறைக்குக் கரண்டும் போகும், பேட்டரியும் போகும், உள்ளே எல்லாம் செத்துவிடும். ஓடும்போது கைக்கு எட்ட வேண்டுமென்று கதவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். லைட் சுவிட்ச் எந்த இடத்தில் இருக்கும் என்று மனுஷன் கை இருட்டில் தேடுமோ, சரியாக அந்த இடத்தில். கண்ணாடி மூடி போடச் சொல்லி ஹயாத் பாஷா எழுதிக் கொடுத்த கடிதங்களுக்கு மேனேஜர் "அடுத்த மாசம் பாய்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவரோடு இத்ரீஸ் என்று ஒருவர் வேலை பார்த்தார். இருவர் வீட்டிலும் உருது. வேலையிலும் அதையே பேசிக்கொள்வார்கள். ஒருநாள் பழைய பேட்டரிகளை இருவரும் வெளியே தூக்கிவந்தார்கள். ஏசிக் காற்று வீணாகிறதே என்று ஹயாத் பாஷா முன்னால் நடந்தபடியே சொன்னார்: "பந்த் கரோ."

அவர் சொன்னது கதவை. ஆனால் அவர்கள் உருதில் கதவைச் சாத்துவதும் பந்த், விளக்கை நிறுத்துவதும் பந்த், குழாயை மூடுவதும் பந்த்தான். இத்ரீஸின் இடது கைக்கு நேராக இருந்தது கைப்பிடி. அதை இழுத்துவிட்டார்.

எல்லாம் திரும்பி வர நாற்பது நிமிஷம் ஆனது. மூன்றாம் மாடி ஆபரேஷன் தியேட்டரில் வீரமணி என்ற கொத்தனார் முதுகு திறந்த நிலையில் குப்புறக் கிடந்தார். டாக்டர் பார்த்துக்கொண்டிருந்த ஸ்கேன் படம் திரையிலிருந்து போய்விட்டது. படங்களெல்லாம் கீழேயிருந்துதான் மேலே போகும். மேலே எதுவும் தங்காது. நாற்பது நிமிஷமும் டாக்டர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாராம்.

வீரமணி பிழைத்தார். இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளில் சந்தைக்குப் போகிறார், வலது காலை இழுத்துக்கொண்டு. அது அந்த நாற்பது நிமிஷத்தால்தானா, முன்பே இருந்த கோளாறா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஹயாத் பாஷாவும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டிலிருந்து அந்த நீல டப்பாவை எடுத்துப் போனார். அன்று முதல் சர்வர் அறைக்குள் அவர் உருது பேசுவதில்லை.

இப்போது ஹயாத் பாஷாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. இருபது வருஷம் பேட்டரி தூக்கிய முதுகு. நடுமுதுகில் தட்டு விலகி நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். அதே ஆஸ்பத்திரி, அதே மூன்றாம் மாடி, அதே டாக்டர். அங்கே வேலை பார்ப்பவருக்குச் சலுகை உண்டு. வேறு ஊருக்குப் போய்ச் செய்துகொள்ள வழியில்லை. வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நாள் குறித்தார்கள். அதற்குள் அவர் இடத்தில் உட்கார ஓர் ஆளை அவரே பார்த்து எடுக்க வேண்டும். அவர் ஆபரேஷன் மேஜை மேல் முதுகைக் காட்டிப் படுத்திருக்கும்போது அந்த ஆள் கீழே கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கப்போகிறான். யாராயிருந்தாலும் அவன் கையில்தான் தன் காலும் இருக்கிறது என்பது அவருக்கு எந்நேரமும் நினைவிலிருந்தது.

இன்டர்வியூ இரண்டு பகுதி. மாடியில் மேனேஜர் அறையில் சர்டிபிகேட், கேள்வி, பதில். பிறகு ஹயாத் பாஷா ஒவ்வொருவராகக் கீழே அழைத்துப்போய் அறையைச் சுற்றிக் காட்டுவார். வெளியே வரும்போது இரண்டு கையிலும் ஒயர்க் கட்டைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், "அத பந்த் பண்ணிட்டு வந்துருங்க" என்பார். அதுதான் கடைசிக் கேள்வி என்று யாருக்கும் தெரியாது.

முதலில் வந்தவன் அதியமான்கோட்டை சங்கர். பெங்களூரில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன், வாயைத் திறந்தால் சிரிப்புதான்.

"பந்தா? எந்தக் கட்சி சார் கூப்ட்டுருக்குது?"

ஹயாத் பாஷாவுக்கும் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தார். சங்கர் சிரித்தபடி சுவரில் தோளைச் சாய்த்து நின்றிருந்தான். நீல டப்பா அவன் தோளுக்கடியில் நசுங்கிக்கொண்டிருந்தது. அவர் சிரிப்பு நின்றுபோனது.

இரண்டாவது கோகிலா. சித்தேரி மலையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்த டிப்ளமோ பெண். உள்ளே இருந்த நேரம் முழுக்கக் கையிரண்டையும் வயிற்றுக்கு முன்னால் கோத்து வைத்திருந்தாள்.

"அத பந்த் பண்ணிட்டு வந்துரும்மா."

"எதைங்க சார்?"

"என்ன எதை?"

"கதவையா, லைட்டையா, ஏசியையாங்க? எனக்கு வெளங்கலீங்க." சுவர்ப் பக்கம் பார்த்துவிட்டு மறுபடி சொன்னாள். "அப்புறம் சார், அந்த டப்பா மேல டேப்பு காஞ்சிபோயிருக்குதுங்க. ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது."

அவர் ஒயர்க் கட்டைக் கீழே வைத்தார்.

மூன்றாவது நதீம். ஷரீபுன்னிசாவின் அக்கா மகன், பொம்மிடியில் செல்போன் கடையில் இருந்தவன். வேலை தெரிந்தவன்தான். பெரியவர்கள் சொன்னால் ஏன் என்று கேட்காத பிள்ளை என்று குடும்பத்தில் பெயர். அவனைக் கூப்பிட்டதே மனைவிக்காகத்தான்.

வெளியே வரும்போது அவர் அவனிடமும் அதையே சொன்னார். அவர் வாய் மூடுவதற்குள் "ஜீ காலூ" என்றான். காலூ என்றால் சித்தப்பா. டப்பாவின் தூக்கிய விளிம்புக்குள் அவன் விரல்கள் போய்விட்டன. ஹயாத் பாஷா திரும்பிப் பார்த்து, ஒயர்க் கட்டைப் போட்டுவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தார். முதுகில் மின்னல் வெட்டியது. நதீமின் முகம் செத்துப்போனது.

அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் திட்ட மனசு வரவில்லை. கைப்பிடியைப் பற்றியோ, இத்ரீஸைப் பற்றியோ, கொத்தனாரைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. மணிக்கட்டைத் தட்டிக்கொடுத்து, "இப்ப வேணாம் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

வேலை கோகிலாவுக்கு. திங்கள்கிழமை வந்து சேர்ந்தாள். செவ்வாய்க்கிழமை டப்பாவைச் சுற்றிப் புது டேப்பு ஒட்டி, அதன் மேல் கொட்டை எழுத்தில் "தொடாதே" என்று காகிதம் ஒட்டினாள். புதன்கிழமை மதியம், ஹாஸ்டலில் தங்கப் பாய் தலையணை எடுத்துவர மலைக்குப் போகட்டுமா என்று கேட்டாள். வானம் கறுத்திருந்தது.

"காலைல மொத பஸ்ஸுக்கு வந்துருவியா?"

"வந்துருவேங்க சார். டிரைவரு எங்க பக்கத்து வூடுதான்."

அவர்தான் போகச் சொன்னார்.

வீட்டில் ஷரீபுன்னிசா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "மலையிலேர்ந்து வந்த பொண்ணு மேல இருக்கற நம்பிக்கை என் அக்கா மவன் மேல இல்ல" என்று பாத்திரங்களிடம் சொன்னாள். அவர் பீரோவிலிருந்து தன் முதுகு ஸ்கேன் பிலிமை எடுத்து, மஞ்சள் கவருக்குள் போட்டார்.

"இது எதுக்கு? எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குன்னு ஊருக்கெல்லாம் சொல்றது நீங்கதான?"

"இருக்குது. இதுவும் இருக்கட்டும்."

"சொந்த மிஷினயே நம்பாத ஆளு" என்றாள். ஆனாலும் கவரை அவளேதான் மடங்காமல் பையில் வைத்தாள்.

இரவெல்லாம் மழை.

வியாழக்கிழமை காலை பச்சை உடுப்போடு அவரை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். மஞ்சள் கவரைத் தலையணைக்கடியில் செருகிக்கொண்டார். கையில் ஊசி ஏற்றியிருந்தது. உடம்பு மெதுவாகக் கனத்தது. தியேட்டர் கதவுக்கு வெளியே ஷரீபுன்னிசா அவர் நெற்றியைத் தொட்டு, உதட்டுக்குள் ஓதி, ஊதினாள். பிறகு நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. நம்ம புள்ளதான் கீழ இருக்கான்."

"எந்தப் புள்ள?"

"நதீம். சித்தேரி ரோட்டுல மரம் வுழுந்து பஸ்ஸு வரலயாம். அந்தப் பொண்ணு மேனேஜருக்கு போன் பண்ணிட்டுது. அவரு நதீமக் கூப்ட்டாரு. ஏழு மணிக்கே வந்துட்டான், பாவம், நாஷ்டா கூடத் திங்கல."

"அவனுக்கு போன் போடு. இப்பவே. அந்தச் சிவப்புக் கைப்பிடியத் தொடாதேன்னு சொல்லு. தமிழ்ல சொல்லு."

"என் அக்கா மவன்கிட்ட நான் எதுக்குத் தமிழ்ல பேசணும்? டாக்டர் டாக்டர்னு பயந்து புத்தி கெட்டுப்போச்சா?"

"ஷரீபு, சொல்றதக் கேளு."

அவள் அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டாள். அடித்தளத்தில் சிக்னல் சரியாக வராது. அதற்காகச் சத்தமாகவே பேசினாள். "பேட்டா, காலூ போல்ரைன். ஓ லால் ஹேண்டில் ஹை நா, உஸ்கு பந்த் கர்னா நக்கோ. ஹலோ? ஹலோ?"

போனைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "கட்டாயிடுச்சு."

"எப்ப கட்டாச்சு?"

"சொல்லி முடிக்கறப்பத்தான்."

நக்கோ என்றால் வேண்டாம். அது கடைசியில்தான் வரும். அந்த ஒரு சொல் விழுந்துவிட்டால் மீதி இருப்பது "சித்தப்பா சொல்றாரு, அந்தச் சிவப்புக் கைப்பிடிய பந்த் பண்ணிடு" என்பதுதான். தொடாதே என்று சொல்லியிருந்தால் அதிலிருந்து வேண்டாம் என்பதை யாராலும் பிய்த்து எடுத்திருக்க முடியாது. இப்ப வேணாம் தம்பி என்று அன்றைக்குத் தன் வாயால் சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்தது. அப்போது வேண்டாம் என்றால் பிறகு ஒருநாள் வேண்டியிருக்கும் என்றுதானே அந்தப் பையன் எடுத்துக்கொண்டிருப்பான்.

"நக்கோன்னது அவனுக்குக் கேட்டுச்சா?"

"கேக்காம என்ன? கத்திச் சொன்னனே."

"திரும்ப போடு."

"போட்டுட்டேதான் இருக்கேன். தொடர்பு எல்லைக்கு வெளியன்னு வருது."

"அப்ப கீழ ஓடு."

தள்ளிக்கொண்டு போகிறவர்கள் ஸ்ட்ரெச்சரை நகர்த்திவிட்டார்கள். ஷரீபுன்னிசா போனோடு கூடவே நாலெட்டு நடந்தாள். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். மூன்று மாடி, அதற்கும் கீழே ஒரு தளம், முழங்கால் வலிக்காரி. கதவு நடுவில் சாத்திக்கொண்டது.

உள்ளே குளிர். சுவரில் பெரிய திரை. அதில் அவருடைய முதுகெலும்பு, வெள்ளையாக, அடுக்கடுக்காக நின்றிருந்தது. டாக்டர் அதைப் பார்த்தபடி கையுறையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"பாய், ரிலாக்ஸா இருங்க" என்றாள் நர்ஸ் தெரசா. இத்தனை வருஷமாக அவள் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணும்போதெல்லாம் வந்து பார்த்தவர் அவர். "எங்க சிஸ்டத்தையெல்லாம் நீங்க பார்த்தீங்க, இப்ப உங்க சிஸ்டத்த நாங்க பாக்கறோம். பத்து வரைக்கும் எண்ணுங்க."

முகத்தில் மாஸ்க் வந்தது. கீழே போன் போடச் சொல்லுங்கள் என்று சொல்ல நினைத்தார். நாக்கு ஈரச் சாக்குபோல் கிடந்தது. ஒன்று என்றார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டு. ஷரீபுன்னிசா இந்நேரம் இரண்டாம் மாடி வந்திருப்பாள். மூன்று. டேப்பு புதுசு, கோகிலா நன்றாக அழுத்தித்தான் ஒட்டினாள், பிய்க்க நேரமாகும். நான்கு. காகிதத்தில் தமிழில் எழுதியிருக்கிறது. பொம்மிடியில் தமிழில்தானே படித்தான், வாசிப்பான். ஐந்து. ஆனால் காலூ சொல்லியிருக்கிறாரே.

ஆறு சொல்வதற்கு வாயைத் திறந்தபோது திரை கறுத்தது.

"இதென்ன இது" என்றார் டாக்டர். யாரோ கீழே போன் போடச் சொன்னார்கள். கீழே யாரும் எடுக்கவில்லை என்று இன்னொரு குரல் சொன்னது.

ஹயாத் பாஷாவுக்கு இமை தாழ்ந்துகொண்டே வந்தது. மிச்சமிருந்த உயிரையெல்லாம் வலது கை விரல்களுக்கு அனுப்பினார். விரல்கள் தலையணைப் பக்கம் ஊர்ந்து போயின, எதையோ சுரண்டின.

"பாய், கைய ஆட்டாதீங்க" என்று தெரசா விரல்களைப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றது. "டாக்டர், தலையணைக்கடில ஏதோ மஞ்சக் கவர் இருக்குது."

பிலிமை உருவும் சரசரப்பு அவருக்குக் கேட்டது. யாரோ அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிப்பது நிழலாகத் தெரிந்தது. ஆரம்பித்துவிடலாம் என்றார்களா, காத்திருக்கலாம் என்றார்களா, அது எட்டவில்லை. கடைசியாக அவருக்குத் தோன்றியது நதீமைப் பற்றித்தான். நல்ல பிள்ளை. சொன்னதைச் செய்துவிட்டு, வெளியே வரும்போது கதவையும் மறக்காமல் சாத்தியிருப்பான்.