முன்சீட்டுக் கட்டில்

வாடகைக் கார் ஓட்டும் நண்பர்களே, நம் தொழிலில் வண்டி சொன்னபடி கேட்கும். உள்ளே இருப்பவர்தான் கேட்கமாட்டார்.

என் வாடிக்கையாளர் ஒருவர், வடகரப்பதி தென்னந்தோப்புக்காரர் பழனிசாமி. சூரியநெல்லியில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க அடிக்கடி என் காரில்தான் போவார்.

தலையணையோடு வந்தவர்

ஏறியதும் முன்சீட்டைச் சாய்த்துப் படுக்கையாக்கிவிடுவார். கக்கத்தில் தலையணை வேறு. பெல்ட் போடாவிட்டால் வண்டி கீச்கீச்சென்று கத்துமே என்று, படுத்தபடியே அதை மாட்டுவார். அவர் நெஞ்சு கீழே, பெல்ட் மேலே. நடுவில் ஒரு வாழைத்தாரே வைக்கலாம். "நிமுந்து உக்காருங்க, படுத்துட்டுப் போட்டா பெல்ட் புடிக்காதுங்க" என்றேன்.

"போட்டிருக்கறனல்லப்பா, போலீசுக்கு அது போதும். நீ ரோட்டப் பாரு!"

பின்சீட்டு நியாயம்

பின்னால் முழங்கால் நசுங்க உட்கார்ந்திருந்த அவர் மனைவி சரசக்காவிடம் முறையிட்டேன். சட்டென்று பிரேக் போட்டால், படுத்திருக்கிற உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகும்; இடுப்பெலும்பைப் பிடிக்க வேண்டிய பெல்ட் வயிற்றை அறுக்கும் என்று விளக்கினேன்.

"ஊட்டுலயே ஆரு பேச்சும் கேக்கமாட்டாங்க தம்பி. உங்க காருல ஏறுனா மட்டும் கேட்டுருவாங்களாக்கும்?"

தேடி வரும் பை

கடைசியாக, வண்டி மோதினால் விரியும் காற்றுப் பையை, அதுதான் ஏர்பேக்கை, பேச்சுக்கு இழுத்தேன். அது நிமிர்ந்து உட்கார்ந்தவரைத் தாங்க வருவது, மல்லாந்து கிடப்பவரை எங்கே போய்த் தேடும் என்று கேட்டேன்.

"நானென்ன ஓடியா போறேன்? இங்கதான படுத்திருக்கறேன், தேடிக்கட்டும்!"

மருமகன் தீர்ப்பு

ஒருமுறை சூரியநெல்லியிலிருந்து திரும்பும்போது, மறையூர் தாண்டிக் காட்டுச் சாலையில், முன்னால் போன சுற்றுலா வேன் யானையைப் படமெடுக்க நடுரோட்டில் நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்தும் இடித்துவிட்டேன். எனக்குத் தோளில் பெல்ட் தடம், சரசக்காவுக்கு முழங்காலில் வீக்கம். அவரோ வழுக்கிப்போய், கால் டேஷ்போர்டில் முட்ட, பெல்ட் வயிற்றில் ஏறிக் கிடந்தார். ஒரு சொட்டு ரத்தமில்லை. முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது.

அதே வண்டியில் உடுமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், குடல் கிழிந்திருக்கிறது, உடனே ஆபரேஷன் என்றார்கள். பிழைப்பாரா என்று கேட்டதற்கு, கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார்கள். சரசக்கா அந்தத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயம்; அதைவிட ஆத்திரம். ஓடிவந்த மருமகன், எஸ்டேட் ஃபாக்டரி சூப்பர்வைசர், நசுங்கிய காரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, பிரேக்கக் கொஞ்சம் பைய போட்டிருக்கலாம்லா?"

நிமிர்ந்த பிறகு

நல்லவேளை, மனிதர் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு அழைத்துப்போக, புது பம்பர் போட்ட வண்டியோடு நானேதான் போனேன். சீட்டை நேராக்கி, பெல்ட்டை இடுப்பில் படியவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். எனக்குக் கண் கலங்கியது. சாவியைத் திருப்பப் போனேன். என் முதுகை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏப்பா, உன்ற சீட்டு கொஞ்சம் சாஞ்சாப்புல இருக்குதே. வயிறு போயிரும், பாத்துக்க!"

நாம் வாயால் சொன்னது, ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்த பிறகுதான் வாடிக்கையாளர் காதில் விழுகிறது.