தரையில் படக் கூடாத அரிவாளும் ஒரு வாகனச் சோதனையும்

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு, கே.கே. நகரிலிருந்து திருவாதவூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் கருப்பசாமி கோயிலுக்கு ஸ்கூட்டரில் கிளம்பினோம், நானும் என் தம்பி செந்திலும். அவனுக்குச் சிங்கப்பூரில் ஏசி மெக்கானிக் வேலை கிடைத்தால் கருப்புக்கு அரிவாள் வைப்பதாக அம்மா நேர்ந்திருந்தார். வேலை கிடைத்துவிட்டது. அவன் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் தரும் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அது வராவிட்டால் வேலை போச்சு.

தூரம் இருபது கிலோமீட்டர் சொச்சம். மாட்டுத்தாவணி, ஒத்தக்கடை வழியாக முக்கால் மணி நேரம். நூறு ரூபாய் பெட்ரோல் போய்வரத் தாராளம். பஸ்ஸும் இருக்கிறது, ஆனால் மூன்றடி அரிவாளோடு எந்தக் கண்டக்டர் ஏற்றுவார்? பரவையில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது. கூர் தீட்டவில்லை, சாமி அரிவாளுக்குக் கூர் எதற்கு? சிவப்புத் துணியில் சுற்றிச் செந்தில் பின்சீட்டில் மடிமேல் வைத்துக்கொண்டான். அம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினார்: "கோயிலுக்குப் போற வரைக்கும் அருவா தரையில படக் கூடாது. பட்டா நேந்துக்கிட்டதே வீணாப் போயிரும்."

திருவாதவூர் விலக்கில் வாகனச் சோதனை. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் போனில் டிஜிலாக்கரில் காட்டினேன். அதுவரை எல்லாம் சுபம். எஸ்.ஐ. சிவப்புத் துணியைப் பார்த்து, "அது என்னப்பா?" என்றார்.

"அருவா சார்" என்றான் செந்தில், ஏதோ வாழைத்தாரைச் சொல்வது மாதிரி.

"கீழ போடு!"

"போடக் கூடாது சார்."

"டேய், கீழ போடுன்னு சொல்றேன்!"

"சாமி அருவா சார். தரையில வைக்கக் கூடாது."

நின்றிருந்த போலீஸ்காரர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். ஒருவர் லத்தியை ஓங்கினார். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் தர வேண்டும், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும், எல்லாம் எனக்கு மனப்பாடம். சாமி பொருளைக் கீழே போடச் சொன்னால் என்ன செய்வது என்று எந்த யூடியூப் வக்கீலும் சொல்லவில்லையே! இந்த லட்சணத்தில் செந்தில் இன்னொரு கையால் போனை எடுத்து வீடியோ எடுக்கப் பார்த்தான். "உள்ள வைடா லூசு!" என்று கத்தினேன். பொது இடத்தில் போலீஸைப் படம் எடுக்கலாமா, கூடாதா, எனக்கு இன்றுவரை தெளிவில்லை. ஒரு கையில் அரிவாளோடு எடுக்கக் கூடாது என்பது மட்டும் தெளிவு.

என் துப்பட்டாவை உருவி ஸ்கூட்டர் சீட்டில் விரித்தேன். "சார், தரையில மட்டும் வேணாம். இதுல வைக்கச் சொல்றேன், நீங்க எடுத்துக்கங்க." எஸ்.ஐ. தலையாட்டினார். செந்தில் வைத்துவிட்டு நகர்ந்து நின்று கும்பிட்டான். போலீஸைக் கும்பிட்டானா, அரிவாளையா, தெரியவில்லை.

"ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வாங்க."

"கைதா சார், விசாரணையா?"

"வாம்மா, பேசிக்கலாம்."

இதெல்லாம் ஒரு பதிலா? மறுபடி கேட்டேன், குரலை உயர்த்தாமல். "விசாரணைதாம்மா" என்றார். உடனே அம்மாவுக்குப் போன் செய்து எந்த ஸ்டேஷன் என்று சொன்னேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, "அருவா தரையில பட்டுச்சா?"

ஸ்டேஷனில் ஏட்டு ஒருவர் எழுதிச் செந்திலிடம் நீட்டினார். 'காவலர்கள் எச்சரித்தும் ஆயுதத்தைக் கீழே போட மறுத்தார்' என்று இருந்தது. செந்தில் பேனாவைத் திறந்துவிட்டான். "நடந்ததத்தானக்கா எழுதிருக்காரு?" வாஸ்தவம், ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனால் அதில் கையெழுத்துப் போட்டால் சிங்கப்பூர் என்ன, சிவகங்கைக்குக்கூடப் போக முடியாது. பேனாவைப் பிடுங்கினேன்.

"அண்ணே, கூர் இல்லாத சாமி அருவா, கோயிலுக்குக் கொண்டு போறதுன்னும் சேத்து எழுதுங்கண்ணே."

"அப்பிடி எழுதுனா கேஸ் நிக்காதும்மா."

"நிக்கக் கூடாதுன்னுதாண்ணே கேக்குறேன்."

எஸ்.ஐ. சிரிப்பை அடக்கிக்கொண்டு அரிவாளின் விளிம்பில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். என் போனிலிருந்தே கோயில் பூசாரியை அழைத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னார். "எம்புட்டு நேரந்தான் காத்துக் கெடக்குறது? அருவாளோட கெளம்பிட்டீகளா இல்லையா?" என்று பூசாரி எடுத்த எடுப்பில் வசைபாட, ஏட்டு காகிதத்தைக் கிழித்தார். எஸ்.ஐ. மேசையிலிருந்து அரிவாளை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். "அடுத்த தடவ சாக்குல சுத்திக் கார்ல கொண்டு போங்க." பத்தரை மணிக்குக் கருப்பு முன்னால் அதை நட்டோம். நான் வாய் திறந்து கேட்டதால் விட்டார்களா, பூசாரி திட்டியதால் விட்டார்களா? எனக்கு இன்னும் குழப்பம்தான்.

நேர்த்திக்கடன் அரிவாளோடு போகிறவர்கள் பூசாரியின் நம்பரைக் கையோடு வைத்திருங்கள். உங்கள் கையில் ஆயுதத்தைப் போலீஸ் கண்டால், வாதாடும் நேரம் அதுவல்ல. மெதுவாக அசையுங்கள், என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கைதா என்று மரியாதையாகக் கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள். வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள். எழுதியது உண்மையாகவே இருந்தாலும், எழுதாமல் விட்டது என்ன என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்த வாரம், சான்றிதழுக்காக விசாரிக்க எங்கள் ஏரியா ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், தண்ணீர் வாங்கிக் குடித்தார். "கேஸ் எதுவும் இருக்கா தம்பி?"

"இல்ல சார்."

சத்தியமான உண்மை.

"பெறகு ஏம்ப்பா என்னப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டே நிக்கிற?"

செந்தில் என்னைப் பார்த்தான். அத்தனை உரிமையையும் மனப்பாடமாக வைத்திருந்த நான் இன்னொரு சொம்பு தண்ணீர் எடுத்துவர உள்ளே போனேன்.