இருபத்தைந்து நாள் விரதமும் ஒரு கெபாப்பும்

இதை எழுதாமல் விடத்தான் இருந்தேன். புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு உதவும், உன் வேலை அனுபவத்தை எழுதித் தா என்று எங்கள் இளைஞர் மலர்க்காரர் கேட்டபோது, ஆள் மாறிக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். டொச், அதாவது ஜேர்மன் மொழிப் பள்ளிக்கூடம் முடித்து எடுத்த தொழிற்பயிற்சியையும் இரண்டாம் வருடத்தில் பாதியில் விட்டவன். அனுபவம் என்று என்னிடம் இருப்பது மற்றவர்களுக்கு நக்கலடித்த அனுபவம் மட்டும்தான். ஆனால் அந்த நக்கல் ஒரு நாள் வாய்க்குள்ளேயே செத்துப்போனது. அதை மட்டும் எழுதலாம் என்று தொடங்கிவிட்டேன்.

முதல் நாள், பதினொரு மணி

சுவிஸில், லுசேர்ன் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தெருவில் எட்டு மேசை உள்ள சின்னச் சாப்பாட்டுக்கடை. செனகல் நாட்டுப் பெண்மணி மதாம் கும்பா நடத்துகிறார். பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, டிவியில் எந்த நேரமும் அவர்கள் ஊர் மல்யுத்தம், மெனுக் கார்டில் மொத்தம் ஐந்தே சாப்பாடு. எனக்கு சேர்விஸ் வேலை. மேசை போடுவது, ஓடர் எடுப்பது, கொண்டுபோய் வைப்பது. மூன்று மாதம் ப்ரோபெட்சைட். அதாவது இரண்டு பக்கமும் ஆளை ஆள் பார்த்துக்கொள்கிற காலம்.

இதற்கு முன் ஒரு பெரிய ஹோட்டலில் நின்றேன். அங்கே வேலையாட்களின் சாப்பாட்டுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஷெஃப் தனியே இருந்து சாப்பிடுவார். சேர்விஸ் ஆட்கள் தனியே. பாத்திரம் கழுவுகிறவர் கழுவுகிற இடத்திலேயே நின்றபடி.

இங்கே பதினொரு மணிக்கு மூசா அண்ணை வந்து என்னைக் கூப்பிட்டார். அவர்தான் சமையல். ஐம்பது வயது, கதவு அளவு ஆள். 'அண்ணை' என்று கூப்பிடத் தொடங்கியது நான்தான். பதிலுக்கு என்னைத் 'தம்பி' என்று கூப்பிடவும் படிப்பித்திருந்தேன். வேலைக்கு வந்து இரண்டு மணித்தியாலத்தில் நான் செய்து முடித்த ஒரே உருப்படியான காரியம் அது. எல்லாரும் டொச்சில்தான் கதைப்போம். இங்கே நான் எங்கட தமிழில் எழுதுகிறேன்.

சமையலறைக்குப் பின்னால் ஒரு தாழ்ந்த ஸ்டூல். அதன்மேல் கார்ச் சில்லு அகலத்தில் ஒரு எனாமல் தட்டம். அதில் தக்காளியில் வெந்த சிவப்புச் சோறு, நடுவில் ஒரு முழு மீன், சுற்றிவரக் கரட், கோவா, மரவள்ளிக்கிழங்கு. நாலு கதிரை. மதாம் கும்பா கை கழுவி வந்து இருந்தார். பாத்திரம் கழுவுகிற எமானுவேல் இருந்தான். கானா நாட்டுக்காரன், என்னைவிட நாலு வயது மூப்பு. மூசா அண்ணையும் இருந்தார். மூன்று கையும் ஒரே தட்டத்துக்குள் போயின.

நான் கதவடியிலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் வீட்டில் அக்கா கடித்த அப்பிளை நான் தொடமாட்டேன். அம்மா குழம்பை ருசி பார்ப்பதென்றால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பா. தண்ணீர்ப் போத்தலை வாயில் முட்டாமல் அண்ணாந்து குடிக்கத் தெரியாவிட்டால் எங்கள் வீட்டில் நீ ஆளே இல்லை. இங்கே மூன்று பேரின் கை வாய்க்குப் போய்த் திரும்பி அதே சோற்றுக்குள் வருகிறது. நாலாவது கதிரை எனக்காம்.

"வா, இரு," என்றார் மதாம்.

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. "இண்டைக்கு நான் விரதம்."

மூசா அண்ணையின் முகம் மாறியது. அவர் நோன்பு பிடிக்கிற மனிதர். பொழுது படும்வரையோ என்று கேட்டார். ஓம் என்றேன். தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் இருந்த மரியாதையை அதுவரை எந்த ஷெஃபும் எனக்குத் தந்ததில்லை.

கலண்டர் கைகொடுத்தது

ஒரு நாள் பொய் சொல்லித் தப்பலாம். அடுத்த நாளும் பதினொரு மணி வருமே. வீட்டுக்குப் போய் அம்மாவின் தமிழ்க் கலண்டரைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் கேதார கௌரி விரதம் தொடங்கியிருந்தது. இருபத்தொரு நாள். அதை அனேகமாகப் பொம்பிளையள்தான் பிடிப்பார்கள், ஆனால் அது மூசா அண்ணைக்குத் தெரியவா போகிறது. அது முடிந்த அடுத்த நாளே கந்தசஷ்டி, ஆறு நாள். பிறகு கொஞ்சம் பொறுத்தால் பிள்ளையார் விரதம், இன்னொரு இருபத்தொன்று. எங்கள் சமயத்தில் இவ்வளவு வசதி இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

வாடிக்கையாளர் மேசையில் நான் வேறு ஆள். நாலு பேராக வருகிற சுவிஸ்காரருக்குத் தனித்தனிக் கோப்பை வேண்டாம், ஒரே தட்டத்தில் சாப்பிடுங்கள், அதுதான் ஆபிரிக்க முறை, சாப்பிட்டுப் பார்த்தால் விடமாட்டீர்கள் என்று வாய் ஓயாமல் சொல்லுவேன். ஒரு மனிசி அப்போ நீங்களும் இப்படித்தான் சாப்பிடுவீர்களோ என்று கேட்டா. நாளாந்தம் என்றேன். சமையலறை யன்னலால் மூசா அண்ணை கேட்டுக்கொண்டு நின்றார். பாவம், பசியோடு பகிடி விடுகிறான் என்று நினைத்திருப்பார்.

அவர் செய்த ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு நாளும் தட்டத்தில் என் கதிரைக்கு நேரே உள்ள பங்கை ஒருவரும் தொடமாட்டார்கள். சாப்பிட்டு முடிந்ததும் அவர் அதை மீனோடு வழித்து ஒரு அலுமினியப் பெட்டியில் போட்டு மூடித் தருவார். கூடவே போனைப் பார்த்துப் பொழுது படுகிற நேரத்தையும் சொல்லுவார். "இண்டைக்கு அஞ்சு மணி அஞ்சு நிமிசம், தம்பி. அதுக்கு முதல் திறக்காதை."

நான் அதைத் திறந்ததே இல்லை. மத்தியானச் சேர்விஸ் முடிந்து பின்னேரச் சேர்விஸ் தொடங்கும்வரை இரண்டரை மணித்தியாலம் ஓய்வு. எங்கள் தொழிலில் அதைச் சிம்மர்ஸ்டுண்டே என்பார்கள். என் சிநேகிதன் நிரோஷன் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவுகிறான். அவனுக்கும் அதே நேரம்தான் ஓய்வு. ஏரியைப் பார்த்தபடி கிடக்கிற வாங்கிலில், பெஞ்சில், இரண்டு பேரும் சந்திப்போம். பெட்டி அவன் கைக்குப் போகும். எனக்குக் கெபாப். எச்சில் கிச்சில் என்று அவன் ஒன்றும் பார்க்கமாட்டான். விரலை நக்கிக்கொண்டு, மச்சான் இதை விட்டிட்டு உதைத் தின்னுறாயே என்று தினமும் எனக்காகக் கவலைப்படுவான்.

வாங்கில்

இருபத்தைந்தாம் நாள். கந்தசஷ்டியில் நாலாவது. வீட்டில் அம்மா உண்மையாகவே விரதம், அடுப்பில் மரக்கறி மட்டும். அதனால் எனக்கு இறைச்சி ஆசை கூடிப்போயிருந்தது. நிரோஷனுக்கு அன்று லீவு. அவன் வரமாட்டான் என்றதால் பெட்டியை எடுக்கிற நினைவே எனக்கு வரவில்லை. அது சமையலறை மேசையிலேயே இருந்துவிட்டது.

நான் வாங்கிலில் இருந்து கெபாப்பில் பாதியை முடித்திருந்தேன். நல்ல உறைப்புச் சோஸ், நாடியெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு நிழல் வந்து நின்றது.

மூசா அண்ணை. சமையல் உடுப்போடு, ஜக்கெட்டும் இல்லாமல் அந்தக் குளிரில். மூச்சு வாங்கியது. கையில் அலுமினியப் பெட்டி. ஓய்வுக்கு ஏரிக்கரைக்குத்தான் போவேன் என்று ஒரு நாள் நானே அவருக்குச் சொல்லியிருந்தேன்.

"உன்ரை பெட்டியை விட்டிட்டு வந்திட்டாய்," என்றார். "நாலு அம்பத்தொண்டுக்குப் பொழுது படும். நீ பசியோடை இருப்பாயெண்டு..."

பிறகுதான் என் கையைப் பார்த்தார்.

எனக்கு எப்போதும் ஒரு பகிடி தயாராக இருக்கும். பொலிஸ் பிடித்தாலும் இருக்கும். அன்றைக்குத் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. வாய்க்குள் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அவர் பெட்டியை வாங்கிலில் வைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"எமானுவேல் முதல் கிழமையே சொன்னவன்," என்றார். "இவன் எங்கடை கை படுற இடத்திலை கை வைக்க மாட்டான், விரதமெல்லாம் பொய் எண்டு. நான் அவனோடை சண்டை பிடிச்சனான். கடவுளுக்காகப் பட்டினி கிடக்கிற பிள்ளையைப் பற்றி அப்பிடிக் கதையாதை எண்டு."

போய்விட்டார். தம்பி என்று சொல்லவில்லை.

அவர்கள் கறுப்பர் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. வெள்ளைக்காரர் மூன்று பேர் அந்தத் தட்டத்தில் கை வைத்திருந்தாலும் நான் இதே பொய்யைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அது என் மண்டைக்குள் இருக்கிற கணக்கு. எமானுவேலுக்கு அது எப்படித் தெரியும். அவன் கண்டது நாளாந்தம் வெறுமையாகக் கிடந்த ஒரு கதிரையை. அந்தக் கதிரை எனக்கும் தெரியும். பஸ் நிறைய ஆட்கள் நிற்பார்கள், எனக்குப் பக்கத்துச் சீற் மட்டும் வெறுமையாக இருக்கும். பள்ளிக்கூடம் போன காலம் தொடக்கம் அதைப் பார்த்துப் பார்த்து நக்கலடிக்கப் பழகினவன் நான். இருபத்தைந்து நாளாக நானே அதை மூன்று பேருக்குச் செய்திருக்கிறேன். அதுவும் கடவுளைச் சாட்டி.

அடுத்த நாள், பதினொரு மணி

முந்தின நாள் பின்னேரச் சேர்விஸ் எப்படியோ முடிந்தது. விடிய, இனி வேலைக்கு வரமாட்டேன் என்று போனில் எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன். மதாமுக்கு அனுப்பினால் முடிந்தது. ப்ரோபெட்சைட்டில் யாரும் பெரிதாகக் காரணம் கேட்கமாட்டார்கள். ஆனால் நான் போய்விட்டால் எமானுவேல் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். மூசா அண்ணை என் பக்கம் நின்று தோற்ற ஆளாகிவிடுவார். அதுதான் என்னைத் திரும்பப் போக வைத்தது.

தட்டம் வந்தது. மூன்று பேரும் இருந்தார்கள். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் நாலாவது கதிரையை எடுக்கவும் இல்லை.

நான் நின்றபடியே சொன்னேன். விரதம் பொய். எங்கள் வீட்டில் இன்னொருவர் வாய் பட்டதை, வாய்க்குப் போன கை பட்டதைச் சாப்பிடுவதில்லை. அம்மா தின்ற மிச்சத்தைக்கூட நான் தின்னமாட்டேன். உங்களுக்காக வந்தது இல்லை இது. எச்சில் என்ற சொல்லுக்கு டொச்சில் என்ன சொல்வதென்று தெரியாமல், கடைசியில் துப்பல் என்றே சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று விளங்கியது.

"எங்கடை துப்பல்," என்றான் எமானுவேல். கேள்வியாக இல்லை.

மதாம் கும்பா கையை நீட்டித் தட்டத்தைக் காட்டினார். "நீ இருபத்தஞ்சு நாள் இதைப் பாக்கவே இல்லை. இப்ப பார்."

குனிந்து பார்த்தேன். ஒவ்வொருவரும் தனக்கு நேரே உள்ள பங்கில் மட்டும்தான் கை வைத்திருந்தார்கள். பங்குக்கும் பங்குக்கும் நடுவில் சோறு குலையாமல் நின்றது, கார் பார்க்கிங்கில் கோடு போட்ட மாதிரி. நடுவில் உள்ள மீனை மதாம் மட்டும்தான் பிய்த்து, ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிவிடுகிறார். ஒருவர் கை மற்றவர் எல்லைக்குள் போகவே இல்லை. எங்கள் கலியாண வீட்டுப் பந்தியில்கூட இவ்வளவு ஒழுங்கு இல்லை.

கை கழுவிவிட்டு வந்து இருந்தேன். அம்மா பழக்கின மாதிரிச் சோற்றைக் குழைத்து உருட்டினேன். முதல் வாய். உப்பு, புளி, மீன், அடிப்பிடித்த சோற்றின் மணம். இதையா நான் நிரோஷனுக்குக் கொடுத்தேன் என்று மனம் வெந்தது. இரண்டாம் வாய், மூன்றாம் வாய். அப்போது மற்றப் பக்கத்தில் ஒரு கரட் துண்டு தெரிந்தது. கை நீண்டது. எடுத்து வாயில் போட்டேன்.

மூன்று பேரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அது மூசா அண்ணையின் பங்கு. வாய்க்குப் போய் வந்த என் கை, கோட்டைத் தாண்டி, அவர் சோற்றுக்குள்ளே போய் வந்திருந்தது.

"இப்ப ஆரின்ரை துப்பல்?" என்றான் எமானுவேல்.

மதாம்தான் முதலில் சிரித்தார். சிரித்துச் சிரித்து கண்ணைத் துடைத்தார். எமானுவேலும் சேர்ந்துகொண்டான். எனக்குக் காது சுட்டது. மூசா அண்ணை சிரிக்கவில்லை. தன் பங்கில் இருந்த ஒரு துண்டு மீனை விரலால் மெதுவாகத் தள்ளி என் பக்கம் விட்டார். நான் அதை எடுத்துச் சாப்பிட்டேன்.

அவர் கதைக்க இரண்டு கிழமை பிடித்தது. ஓடரைக் கொடுப்பேன், வாங்குவார், அவ்வளவுதான். ஒரு நாள் மத்தியானம் நான் என் பங்கில் பாதியை முடித்துக்கொண்டிருந்தபோது போனை எடுத்துப் பார்த்தார்.

"இண்டைக்கு நாலு முப்பத்தெட்டு, தம்பி," என்றார். "இன்னும் நேரம் கிடக்கு."

எமானுவேல் கதிரையிலிருந்து விழாத குறை. நான் அடுத்த வாய்ச் சோற்றை உருட்டினேன். நக்கலடிக்கவேண்டும் என்று இருக்கவில்லை.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். முதல் நாள் வேலையாட்கள் சாப்பிட இருக்கும்போது நீயும் இரு. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல், ஏன் என்றும் சொல். பொய்யை மட்டும் சொல்லாதே. நீ ஏன் சாப்பிடவில்லை என்பதற்கு நீ காரணம் சொல்லாவிட்டால், பக்கத்தில் இருக்கிறவன் தனக்குத் தெரிந்த காரணத்தைப் போட்டுக்கொள்வான். அவன் அதிகம் பட்டு அறிந்தது எது என்று உனக்குத் தெரியாது.

எழுதி முடித்து, பிழை இருந்தால் பார் என்று நிரோஷனுக்கு அனுப்பினேன். அவன் பதில் உடனேயே வந்தது.

"அப்ப எனக்கு இனிப் பெட்டி வராதோ, மச்சான்?"