கதவின் உள்பக்கம்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். யாரையும் நம்பவைக்கிற தெம்பு எனக்கு இல்லை. ஆனால் இது நடந்தது. நேரங்கள் எல்லாம், பட்டறையில் வேலை நேரம் குறிக்கிற ஜாப் கார்டில் என் கையெழுத்திலேயே இருக்கின்றன.

காருக்கு பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் தகட்டைச் சுத்தம் செய்து, தேய்த்துக் கொடுப்பது என் வேலை. முதலில் சோப்புத் தண்ணீர். பிறகு பிசுக்கு எடுக்கிற திரவம், உப்புத்தாள். அதற்கு மேல் வெறுங்கை படக் கூடாது. பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் குழி குழியாக விலகிவிடும். சோதித்துப் பார்க்க ஒரு கறுப்புத் தூள் உண்டு. தடவிக் காற்றடித்தால் பறந்துவிடும். பிசுக்கு இருக்கிற இடத்தில் மட்டும் பிடித்துக்கொள்ளும்.

என் மனைவி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வாடகைக் காரில், பின் இருக்கையில் போகும்போது விபத்து. அந்த இடத்துக்கு முதலில் ஓடியவர் அவளுடைய அண்ணன். ஆஸ்பத்திரி வாசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு மச்சான் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அடிச்ச உடனே போயிட்டா மாப்பிள்ளை. வலியே தெரிஞ்சிருக்காது."

அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன், குளித்தேன், வேலைக்குப் போனேன். மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்குச் சீக்கிரம் போகப் பிடிக்காததால் வேலையை இழுத்தடிக்கக் கற்றுக்கொண்டேன். கதவு வந்தால் மற்றவர்கள் வெளிப்பக்கத்தோடு விட்டுவிடுவார்கள். நான் உள்பக்கத்தையும் தேய்ப்பேன். உள்ளே மூடுகிற அட்டைக்குப் பின்னால் மறையப்போகிற இடத்தையும் விட மாட்டேன். "உள்ளேயும் பளபளன்னு பண்ணி யாருக்குப்பா பொண்ணு பாக்கப் போற?" என்று பெயின்டர் ஒருநாள் கிண்டலடித்தார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்று பட்டறைக்கு விடுமுறை. ஒரு வாடிக்கையாளர் காருக்கு மாட்ட வாங்கி வந்த பழைய பின் கதவு மறுநாள் காலைக்குள் தயாராக வேண்டும் என்று முதலாளி சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். தூசி வராமல் இருக்க ஷட்டரை இறக்கி உள்ளே பூட்டினேன். கதவு இரும்புத் தாங்கியில் தொங்கியது. கண்ணாடி, கைப்பிடி, உள் அட்டை எல்லாம் கழற்றியிருந்தது. வெளிப்பக்கம் நெடுக ஒரே உரசல். சுவரோடு வைத்துத் தேய்த்த மாதிரி.

1.40. வெளிப்பக்கம் முடிந்தது.

2.15. உள்பக்கம் முடிந்தது. தூளைத் தடவிக் காற்றடித்தேன். ஒரு கறை இல்லை.

2.20.

டொக்.

மதிய வெயிலில் தகரக் கூரை விரிகிற சத்தம் என்று நினைத்தேன்.

டொக்... டொக்...

கூரையிலிருந்து இல்லை. தொங்கிய கதவு லேசாக ஆடியது. ஃபேன் போடவில்லை.

உள்பக்கத்தைப் பார்த்தேன். காற்றில் மிதந்த தூள் அங்கே ஒட்டியிருந்தது. கறுப்பாக, ஓர் உள்ளங்கை.

நான்தான் தொட்டிருப்பேன் என்று கையுறையைப் புரட்டிப் பார்த்தேன். எங்கும் கிழியவில்லை. திரவம் போட்டுத் துடைத்தேன்.

2.31. மூன்று கைகள்.

2.44. ஏழு.

எல்லாமே ஒரே கை. என் கையைவிடச் சிறியது. எல்லாமே கைப்பிடி இருந்த ஓட்டையைச் சுற்றித்தான். சுண்டு விரல் மட்டும் நுனியில் உள்நோக்கி வளைந்திருந்தது...

அந்த விரல் எனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போன அன்று அவளே நீட்டிக் காட்டினாள். "இப்பவே பாத்துக்கோங்க. அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது."

பயம் வரவில்லை. துடைத்தேன்.

வந்தது.

துடைத்தேன்.

டொக்... 

சத்தம் மெலிந்துகொண்டே போனது.

2.58. டொக்.

3.00. ஒன்றும் இல்லை.

கடைசிக் கை சரியாகப் பதியவில்லை. கீழ்நோக்கி இழுபட்டிருந்தது.

அதை மட்டும் நான் துடைக்கவில்லை.

மறுநாள் காலை, கதவு எங்கே வாங்கியது என்று முதலாளியிடம் கேட்டேன். பழைய கார் உடைக்கிற இடத்தில் என்றார். அந்தக் கதவு இருந்த காரை விபத்து நடந்த இடத்திலிருந்து இழுத்து வந்த கிரேன்காரர் 11.10க்கு ஒரு பம்பரை இறக்க வந்தார். அவரிடம் கேட்டேன். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

"லாரி மோதினது அந்தப் பக்கம். அது அப்படியே நசுங்கிருச்சு. இந்தக் கதவு இருந்த பக்கம் சுவத்தோட சிக்கிக்கிச்சு. கதவைத் திறக்கவே முடியல. எனக்கு ரெண்டு இருபதுக்கு போன் வந்துது. டிராஃபிக்ல மாட்டி, போய்ச் சேர மூணு மணி."

"உள்ளே...?"

"ஒரு பொண்ணு. நான் வர்ற வரைக்கும் தட்டிக்கிட்டேதான் இருந்துச்சாம்."

அவர் பம்பரை இறக்கினார். நான் ஒரு கை பிடித்தேன்.

மாலையில் பெயின்ட் அடித்தார்கள். வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி வந்தது. உள்பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் பெயின்ட் விலகி நின்றது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று அட்டையைப் போட்டு மூடிவிட்டார்கள். கதவை மாட்டியதும் வாடிக்கையாளர் கார் போய்விட்டது.

8.05க்கு மச்சானுக்கு போன் செய்தேன். சாப்பிட்டீங்களா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். பிறகு கேட்டேன்.

"அவ உடனே போயிட்டாதானே மச்சான்?"

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"உங்களுக்கு யார் சொன்னா, மாப்பிள்ளை?"