சாவி ஆணியில் இல்லை

என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பலசரக்குச் சீட்டுதான். மறதியும் வந்துவிட்டது. எது முந்தி, எது பிந்தி என்று குழம்புவேன். ஆனால் எங்கள் வளவில் நல்ல தண்ணீர் கெட்டுப்போன அந்த வாரம் மறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க நான் பயந்துகொண்டிருந்தேன், அதனால் இருக்கலாம்.

தூத்துக்குடியில் எங்கள் வளவு சின்னது. மூன்று வீடு, நடுவில் முற்றம், எல்லாருக்கும் ஒரே மோட்டார். என் மகனுக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் ஷிப்டு வேலை. மருமகள் ஆறுமுகநேரிக்காரி. கம்ப்யூட்டர் படித்தவள். அவளுடைய கம்பெனி பெங்களூரில் இருக்கிறது, அவள் எங்கள் முன்னறையில் இருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு, "இப்போதைக்கு வீட்டிலிருந்தே பாருங்கள்" என்று சொல்லியிருந்தார்களாம். அந்த "இப்போதைக்கு" எனக்கு ஆரம்பம் முதலே பிடிக்கவில்லை.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். கூச்சப்படுகிறவளுக்கு வாயைத் திறந்து கேட்க வராது. கேட்காதவளுக்குச் சந்தேகம்தான் மிச்சம்.

அந்த வாரம் அவள் போக்கே சரியில்லை. காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் ஒரு எழுத்துக்கூட அடிக்கமாட்டாள். பச்சையும் சிவப்புமாக வரிகள் ஓடும். மேலே தள்ளுவாள், கீழே தள்ளுவாள், முறைத்துக்கொண்டே இருப்பாள். வேலை பார்க்கிறவள் ஏன் சும்மா முறைக்கிறாள்? பிறகு காதில் மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் பேசுவாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. "பெங்களூர்" மட்டும் தெரியும். அது திரும்பத் திரும்ப வந்தது.

மகன் ஷிப்டு முடிந்து வந்ததும் கேட்டேன். "ஏலே, என்னவாம் அவ பெங்களூரு பெங்களூருன்னு பேசுதா?"

"ஒண்ணுமில்லம்மா. ஆபீஸ் பேச்சு." சொல்லும்போது குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைக் காட்டாமல் சொன்னால் நான் நம்பமாட்டேன். சின்னதிலிருந்தே அப்படி.

மறுநாள் மத்தியானம் அவளுக்குச் சாளைமீன் குழம்பு ஊற்றும்போது, கண்ணைக் குழம்புச் சட்டியிலேயே வைத்துக்கொண்டு கேட்டுவிட்டேன். "ஏளா, ஒன்ன வேலைய விட்டுத் தூக்கிட்டானுவளா?"

அவளுக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. "தூக்கலத்த. அங்கன வந்து ஒக்காருன்னு சொல்லுதாங்க."

"எதுக்கு?"

"நான் சரின்னு சொல்ல மாட்டேங்கேன்லா, அதுக்கு."

அப்போதுதான் அவள் வேலையே எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் பார்த்து, சரியா தப்பா என்று சொல்லுவது. இவள் சரி என்று சொன்னால்தான் அது உள்ளே போகும்.

"ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள்ள நம்ம வளவு மாதிரி பல குடித்தனம், அத்த. ஒவ்வொண்ணும் தான் தனிக் கம்ப்யூட்டர்னு நெனச்சுக்கிட்டிருக்கும். எழுதி வைக்கிறது என்னவோ கீழ இருக்க ஒரே டிஸ்க்லதான். அப்படி எழுதுறதுக்கு உள்ள பல ஆளு ஒரே நேரத்துல ஓடும். த்ரெட்டுன்னு பேரு. ரெண்டு ஆளு ஒரே எடத்துல கைய வச்சா, வச்சதெல்லாம் நாசம். அதனால பூட்டு எடுத்தவந்தான் தொடலாம்."

பெங்களூரில் அவளோடு வேலை செய்கிற ஒருவர், அந்த வேலையில் இடத்துக்கு இடம் காவல் வரி எழுதிச் சேர்த்திருந்தாராம். வருகிறவன் பூட்டை எடுத்திருக்கிறானா என்று காவல் பார்க்கும். எடுக்கவில்லை என்றால் ஓட்டத்தையே அந்த நிமிஷம் நிறுத்திவிடும். ஓட்டிப் பார்த்தார்கள். எங்கேயும் நிற்கவில்லை. எல்லாருக்கும் சந்தோஷம். இவளுக்கு மட்டும் இல்லை.

"நல்லதுதானே செஞ்சிருக்காரு?" என்றேன்.

"இத்தன எடத்துல காவல் போட்டும் ஒருத்தன்கூட மாட்டல. அப்ப எனக்குக் காவக்காரன் மேலதான் சந்தேகம்."

"நீ என்னையவிட மோசமா இருக்கியே!"

"அதுக்குத்தான் அத்த சம்பளம் தாராங்க."

காவல் வரியில் அவள் கண்டுபிடித்தது இதுதான்: பூட்டு எடுக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் அது பார்க்கிறது. எடுத்தவன் யார் என்று பார்ப்பதில்லை. எவனோ ஒருவன் பூட்டை எடுத்திருந்தால், வேறொருவன் வெறுங்கையோடு வந்தாலும் காவல் விட்டுவிடும். இதை அவள் எழுதிப் போட்டாள். இதுவரை அப்படி நடந்ததே இல்லை என்று பதில் வந்தது. மேலாளர் ஒரு படி மேலே போய், "தூரத்தில் இருப்பதால்தான் எல்லாம் இழுக்கிறது, இங்கே வந்துவிடுங்கள், உட்கார்ந்து பேசி முடிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

அவள் போனால் மகனும் போவான். நான் எங்கே போவேன் என்று யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவள் பேசாமல் சரி என்று சொல்லிவிட்டால் என்ன என்றுதான் அன்றைக்கு என் மனசில் ஓடியது.

தண்ணீர் கெட்டது அதற்கு அடுத்த நாளோ, அதற்கும் அடுத்த நாளோ.

எங்கள் ஊரில் போர் தண்ணீர் உப்பு. குளிக்க, துவைக்க அது. குடிக்க, சமைக்க கார்ப்பரேஷன் விடுகிற நல்ல தண்ணீர். மொட்டைமாடியில் உப்புக்குக் கறுப்புத் தொட்டி, நல்ல தண்ணீருக்கு நீலத் தொட்டி. இரண்டுக்கும் ஏற்றுவது ஒரே மோட்டார். மோட்டார் அறைச் சாவி வெளியே ஆணியில் தொங்கும். சாவியை எடுத்தவர்தான் வால்வைத் தொட வேண்டும் என்பது வளவுக் கட்டுப்பாடு. ஆனால் தண்ணீரை எந்தத் தொட்டிக்கு விடுவது என்று திருப்புகிற வால்வு வெளிச்சுவரில்தான் இருக்கிறது. அதைத் திருப்பச் சாவி வேண்டாம்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி முற்றத்தில் நின்று கத்தினாள். "மதினி! யாரு இந்த வால்வத் திருப்புனது? நான் உப்புத் தண்ணி ஏத்துதேன், அது பூராவும் நீலத் தொட்டியில விழுந்திருக்கு!"

மூன்று வீட்டு நல்ல தண்ணீரும் போயிற்று. எனக்கு அவள் மேல்தான் சந்தேகம். துணிக்கொடிச் சண்டையிலிருந்து அவள் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை. தானே திருப்பிவிட்டுக் கத்துகிறாள் என்று நினைத்தேன். அவளும் என்னை அதே மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "நாந்தான் அக்கா. சாவி ஆணியில இல்ல. அம்மா எடுத்திருக்கா, நல்ல தண்ணி ஏத்துதான்னு நெனச்சேன். அம்மாக்கு மறதிலா, வால்வத் திருப்ப மறந்துட்டான்னு நாந்தான் நீலத் தொட்டிக்குத் திருப்புனேன்."

"சாவி இந்தா எம் மடியில இருக்குலே!" எதிர்வீட்டுக்காரி உருவிக் காட்டினாள். "ஒத்தாச செய்யச் சொல்லி ஒன்ன யாருலே கூப்பிட்டா?"

காதுக் கருவி கழுத்தில் தொங்க மருமகள் வெளியே வந்தாள். "சாவி இல்லன்னு பாத்தீய. யார்ட்ட இருக்குன்னு பாத்தீயளா?"

"ஒன் ஆபீஸ முத்தத்துக்குக் கொண்டு வராத, தாயி," என்றான் மகன்.

அவள் அதை முற்றத்திலிருந்து ஆபீசுக்குக் கொண்டுபோனாள். அன்றைய ஆபீஸ் பேச்சில், இப்படி நடந்ததே இல்லையா, எங்கள் வீட்டில் இப்போதுதான் நடந்தது என்று சொன்னாளாம். அந்தப் பக்கம் சிரித்தார்கள். சிரிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய? மறுநாள் ஒரு சின்னச் சோதனை எழுதினாள். ஒருவனைப் பூட்டோடு உள்ளே தூங்க வைத்து, இன்னொருவனை வெறுங்கையோடு வர விட்டாள். காவல் வாயே திறக்கவில்லை. பிறகு, பூட்டு யார் கையில் என்று பார்க்கிற மாதிரி காவலை மாற்றி, முழுவதையும் ஓட்டினாள். டிஸ்கைப் பெரிதாக்குகிற இடத்தில் சட்டென்று நின்றுவிட்டது. உண்மையிலேயே ஒருவன் அங்கே வெறுங்கையோடு வந்துபோய்க்கொண்டிருந்தான்.

கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றது நல்லதா கெட்டதா என்று அவள் முகத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்த வரிகளை எழுதினவரே மேலாளரிடம் பேசினாராம். என் மருமகள் எங்கே உட்கார்ந்தால் என்ன, சரியாகப் பார்க்கிறாளே, அது போதும் என்று. மருமகள் அடுப்பங்கரைக்கு வந்து, "அத்த, பெங்களூரு இல்ல. இங்கனயேதான்" என்றாள்.

"இப்போதைக்கா?"

"ஆமா. அவங்க அப்படித்தான் சொல்லுதாங்க."

பொய் சொல்லாமல் சொன்னாளே, அதனால் நம்பினேன். ஆனாலும் அவள் பேச்சில் "பெங்களூர்" வந்தால் என் கை இன்றைக்கும் வேலையை விட்டு நிற்கிறது.

ஆணியில் இப்போது வேறு பழக்கம். சாவியை எடுக்கிறவர் தன் வீட்டுச் சாமான் ஒன்றை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். எங்களுக்கு ஒரு பழைய எவர்சில்வர் கரண்டி, எதிர்வீட்டுக்காரிக்கு நீலத் துணிக்கிளிப்பு. கரண்டி தொங்கினால் நானும் ஒருமுறை என் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன், நானேதான் எடுத்தேனா என்று.

கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் காதால் கேட்டதை எழுதியது. பூட்டு, காவல், டிஸ்கு இதில் எங்காவது மாற்றி எழுதியிருப்பேன். மருமகளையே பார்க்கச் சொன்னேன். வீட்டு ஆள் எழுதியதை வீட்டு ஆள் பார்த்துச் சரி என்று சொல்லக்கூடாது, வெளியாள்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். இதைப் படிக்கிறவர்களில் அந்த வேலை தெரிந்தவர் இருந்தால், கொஞ்சம் சந்தேகத்தோடேயே பார்த்துச் சொல்லுங்கள்.