‘உள்ளே வாங்க’ பலகை

பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கண்ணை உருட்டி, குரலைத் தாழ்த்தி... சகிக்காது. நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. நடந்தது நடந்தபடி. நம்பாதவர்கள் தாராளமாகப் போய் வேறு வேலை பார்க்கலாம்.

இரும்புப் பட்டறை நடத்துகிறவள் நான். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று நாலு பேருக்கு உதவுகிற வேலை. என் அக்கா வீட்டுக்காரர் வேறு ரகம். மூன்று தொழில் தொடங்கி மூன்றையும் ஊத்தி மூடியவர். நாலாவதாக ஒரு காப்பிக் கடை. கட்டடம் புத்தம் புதுசு. ஆனால் பார்த்தால் நூறு வருஷப் பழசாகத் தெரிய வேண்டுமாம்! சுவரில் மாட்ட ஒரு பலகை கேட்டு வந்தார்.

"பழைய மரம், அடிச்ச இரும்பு. ‘உள்ளே வாங்க’ன்னு எழுத்து. ரஸ்டிக்கா இருக்கணும்மா."

அந்த வார்த்தையை முந்தின நாள்தான் கற்றிருப்பார்.

"துருப்பிடிச்சிருக்கணும்னு சொல்லுங்க மாமா."

"உனக்கு ரசனையே கெடையாது" என்றார்.

மரத்தையும் அவரே கொண்டுவந்தார். எங்கோ இடித்த வீட்டிலிருந்து ஒரு கதவைப் பிரித்து, பலகைகளைக் கார் தலையில் கட்டிக்கொண்டு, புதையல் எடுத்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. ஆட்களுக்கு விடுமுறை. எழுத்துகளை முந்தின நாளே தயார் செய்துவிட்டேன். பட்டை இரும்பை உலையில் காய்ச்சி, அடித்து, வளைத்து. நல்ல இரும்பு, இந்த வேஷத்துக்குப் போகிறதே என்று எரிச்சல். பலகைகளைக் கம்பி பிரஷால் தேய்த்து, பின்பக்கம் சட்டம் கொடுத்து ஒன்றாக்கி, மேஜையில் கிடத்தினேன். எழுத்துகளை ஆணியடிக்க வேண்டியதுதான் பாக்கி. மணி மூன்றே கால். வெளியே வெயில் கொளுத்துகிறது.

முதல் அடி. டங்!

...டொக்.

தகரக் கூரை. எதிரொலி என்று நினைத்தேன். மறுபடி அடித்தேன். டங்! ...டொக். ரொம்பத் தாமதமாக வந்தது. மாமாவின் சோம்பேறித்தனம் மரத்துக்கும் ஒட்டிக்கொண்டது போல என்று சிரிப்புக்கூட வந்தது.

இரண்டு அடி அடித்தேன்.

டொக். டொக். டொக்.

மூன்று.

சுத்தியலைக் கீழே வைத்தேன். எலியாக இருக்கும். குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன். மரத்தூள்தான் கிடந்தது. ‘பட்டப்பகலில் பலகைக்குப் பயப்படுகிறாயே, வெட்கமாயில்லை?’ என்று என்னையே திட்டிக்கொண்டு, பலகையைத் தூக்கிச் சுவரோடு ஒட்ட நிறுத்தி வைத்தேன்.

அமைதி.

பிறகு... டொக். டொக்.

பலகைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து. ஒரு கை நுழையக்கூட இடமில்லாத இடத்திலிருந்து.

உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். கைக்கு அடியில் மரம் அதிர்ந்தது. கீழ்ப்பக்கம் சுவரை விட்டு ஒரு விரல் அளவு நகர்ந்தது.

நான் இழுக்கவில்லை.

தோளைக் கொடுத்துத் தள்ளினேன். சம்மட்டி தூக்குகிற உடம்பு என்னுடையது. அந்தப் பக்கமும் தள்ளியது...

என் கட்டைவிரல் ஒரு பழைய ஆணித் துளையில் பட்டது. துளையிலிருந்து காற்று.

வந்தது... நின்றது.

உள்ளே இழுத்தது... நின்றது.

மறுபடி வந்தது.

சூடாக.

மூச்சு.

வாசலில் கார் ஹாரன். தள்ளல் சட்டென்று நின்றது. நான் பலகை மேல் போய் மோதிக்கொண்டேன். மணி மூன்றரை.

"என்ன, கட்டிப்புடிச்சிட்டு நிக்கற? பிரமாதம்! எடு, எடு."

"மாமா, இது வேணாம். வேற மரத்துல செஞ்சு தரேன்."

"ஏன்?"

சொன்னேன். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இரும்படிச்சு அடிச்சு உன் காது போச்சு. போய் டாக்டரைப் பாரு."

ராத்திரி அக்காவுக்கு போன் செய்தேன். "அவரு எது தொடங்கினாலும் உனக்கு இளக்காரம்" என்று வைத்துவிட்டாள். பலகையையும் மீதி எழுத்துகளையும் அன்றே எடுத்துப்போன மாமா, ஆள் வைத்து ஆணியடித்துக் கடைச் சுவரில் ஏற்றிவிட்டார். திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை.

மறுவாரம் வீடு இடிக்கிற மேஸ்திரி கடப்பாரைக்கு முனை வைக்க வந்தார். மாமா கதவு எடுத்த வீட்டை இடித்ததும் அவர்தான். பேச்சுவாக்கில் கேட்டேன்.

"அந்தக் கதவு எந்த ரூமுதுங்க?"

"ரூமா?" என்று என்னைப் பார்த்தார். "அது வெறும் சுவத்துல இருந்த கதவும்மா. கழட்டினா பின்னாடி செங்கல். அதையும் உடைச்சோம். அந்தப் பக்கம் தெரு."

"பின்ன எதுக்கு அங்க கதவு?"

"யாருக்குத் தெரியும்? ஆனா மூணு தாழ்ப்பாள் போட்டிருந்தாங்க. ஒவ்வொண்ணும் என் மணிக்கட்டு தடிமன். மூணுமே வீட்டுப் பக்கம். செங்கல் பக்கத்துலேர்ந்து யாரும் தொறந்துடக் கூடாதுங்கற மாதிரி."

உலையில் கடப்பாரை பழுத்துக்கொண்டிருந்தது. எனக்கு எடுக்கத் தோன்றவில்லை.

"அதெல்லாம் எங்க இப்ப?"

"உங்க மாமாதான், பார்க்க நல்லால்லன்னு கழட்டச் சொல்லிட்டாரே."