பதினெட்டு முறை சீவிய ரம்புத்தான்

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.50. இரவு பெய்த மழை விட்டிருந்தது. மேகமூட்டமாக இருந்தது; காற்று இல்லை. மனைவி தினமும் போகும் சர்ச்சின் ஏழு மணிப் பூசைக்குப் போய்விட்டாள். நான் ரப்பர் பால்வெட்டுக் கத்தியோடு, சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டு ரம்புத்தான் மரத்தடியில் நின்றேன்.

நாங்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்றபோது, தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் வாசலில் நின்ற மரத்தின் கொட்டை ஒன்றை மனைவி கைக்குட்டையில் முடிந்து வந்து நட்டாள். பதினைந்து வருடத்தில் ஒன்பது முறை பூத்தது. ஒரு காய்கூட இல்லை. மகனுக்குக் கார் நிறுத்தக் கொட்டகை வேண்டும்.

“இந்த சீசனும் காய்க்கலன்னா வெட்டிருவேன்பா. அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க.”

சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தோட்டத்திலிருந்து அவள் கொண்டுவந்ததில் மிச்சம் அந்த மரம் ஒன்றுதான்.

காப்பிக் கடை நண்பர்தான் வழி சொல்லியிருந்தார். “பட்டையை ஒரு சுத்து, விரல் அகலத்துக்குச் சீவி விடு மச்சான். பயந்து காய்ச்சிரும் பாரு லா.”

ஒரே தடவை என்றுதான் அவர் சொன்னார். ஆனால் நான் பள்ளிக்கூட நாளிலேயே அம்மாவுக்குத் துணையாகப் பால் வெட்டியவன். ரப்பரில் பழைய வெட்டை மூடவிடக் கூடாது; ஒருநாள் விட்டு ஒருநாள் அதே கோட்டில் சீவ வேண்டும். கை அதைத்தான் செய்தது. வெட்டின் ஓரம் ஆறத் தொடங்கினாலே எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஞாயிறு தொடங்கி, அவள் பூசைக்குப் போகும் நேரமாகப் பார்த்துப் பதினெட்டு முறை சீவினேன். நாள்காட்டியில் பதினெட்டுப் புள்ளி இருக்கிறது. வெட்டைச் சாக்கால் மூடிவிட்டு, எறும்புக்கு மருந்து போட்டிருக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

செப்டம்பரில் மரம் என்றுமில்லாத அளவு பூத்தது. அவள் மகனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். மூன்று வாரத்தில் பூ கொட்டியது, பின்னாலேயே இலையும். ஒரு காலையில் நூற்றுப் பதினாறு இலை வரை எண்ணினேன். அதற்குமேல் முடியவில்லை.

நாற்றுப் பண்ணைக்காரரை அவளே வரவழைத்தாள். அவர் சாக்கை விலக்கினார்.

“யாருக்கா இப்படிச் சீவுனது? ரப்பர் மரம் மாதிரி, பால் பிடிக்கிற மங்கு மாட்டாததுதான் பாக்கி!” உதிர்ந்த பூ ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். “இது ஆண் மரம்லா. கொட்டை போட்டு முளைச்சா இப்படியும் வரும். காய்க்கிற மரத்து மொட்டு ஒண்ணை ஒட்டுக் கட்டியிருந்தா ரெண்டு மூணு வருஷத்துல காய்ச்சிருக்கும். இப்ப வேரே செத்துப்போச்சு.”

தோட்டத்து நாற்றங்காலில் ரப்பர் ஒட்டுக் கன்றுகளை முப்பது வருடம் எண்ணிக் கணக்கெழுதிய கிராணி நான். ஒட்டுக் கட்டலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அவர் போனதும் அவள் கேட்டாள். “நான் பூசையில முட்டி போட்டு இந்த மரத்துக்கு வேண்டிக்கிட்டு இருந்தப்பவா சீவுனீங்க?”

“ஆமா.”

“எத்தனை நாளு?”

“பதினெட்டு.”

“அதையும் எண்ணி வச்சிருக்கீங்க.”

மரத்தை வெட்டிவிடும்படி மகனிடம் சொன்னது அவள்தான். ஆள் வந்த அன்று பூசை முடிந்த பிறகும் அவள் வீட்டுக்கு வரவில்லை, மாலையில்தான் வந்தாள். ரம்பக்காரர், லாரி, அடிக்கட்டை தோண்டிய கூலி எல்லாம் சேர்த்து நான் கொடுத்தது அறுநூற்று ஐம்பது வெள்ளி.